கேட்காமல் எடுத்த கூஜா

முன்னொரு காலத்தில், சிறுசும் பெருசும் ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்ட காலத்துக்கும் முன்னால், வெண்ணாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் சாலை முடிந்து, வண்டித் தடம் முடிந்து, ஆடு போகும் தடமும் முடிந்த இடத்தில் ஒரு காடு தொடங்கும். மூடுவனம் என்று அதற்குப் பெயர். உச்சி வெயிலில் போனாலும் உள்ளங்கை அளவு வெளிச்சம்கூடத் தரையில் விழாது. கொடிகள் ஒவ்வொன்றும் என் தொடை கனம் இருக்கும். என் தொடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

காட்டுக்கு வெகு தூரத்தில் ஓர் ஊர். அங்கே பூவாயி என்று ஒரு பெண். அவளுக்கு அம்மா அப்பா இல்லை, செங்கோடன் என்று ஓர் அண்ணன் மட்டும்தான். தேன் எடுக்கிறவன். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். ஆனால் பயம் வந்தால் விக்கல் வந்துவிடும். பாம்பைக் கண்டால் 'ஹிக்', இடி இடித்தால் 'ஹிக்'. தங்கைக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும்.

பூவாயிக்கு வாயைத் திறந்தால் 'ஏன்' என்றுதான் வரும். கோழி ஏன் பல் துலக்குவதில்லை? நிலா ஏன் சில நாள் பகலிலும் வந்து நிற்கிறது? தேனீ ஏன் அண்ணனை மட்டும் தேடிப் பிடித்துக் கொட்டுகிறது?

ஒரு நாள் செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா தாயே, ஆளை விடு! உன் 'ஏன்' காதுல விழாத இடமாப் பார்த்து நான் போறேன். மூடுவனத்துல நாலு நாள் நிம்மதியாக் கிடந்துட்டு வரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொன்னபடியே கிளம்பியும் போனான். அமாவாசை வந்து போயிற்று. பௌர்ணமி வந்து போயிற்று. அண்ணன் வரவில்லை.

"அங்க போனவன் எவன் திரும்பியிருக்கான்? ராஜாவோட தளபதியே போய்த் திரும்பலையே" என்றார்கள் ஊரார்.

"ஏன் திரும்பலை?" என்றாள் பூவாயி.

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பூவாயி வீட்டுக்குள் போய், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அண்ணன் போயிருக்க மாட்டானே என்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. ஏன் திரும்பவில்லை?

கம்பளி ஒன்று, அவல் ஒரு மூட்டை, அரிவாள் ஒன்று. காலில் தோல் செருப்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். காட்டின் ஓரத்தில் ஓர் ஓடை. அதை ஒரே தாவலாகத் தாவி அந்தக் கரையில் குதித்தாள்.

"ம்மா!"

கால் செருப்பைக் காணோம். அவள் ஒரு கன்றுக்குட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்! கன்று அவளை ஒரு கல் மேல் உதறிவிட்டு, ஓடையைத் தாண்டி ஊர்ப் பக்கம் ஓடிவிட்டது. அரண்டுபோய்த் தோள்மூட்டையைத் தரையில் போட்டாள். கம்பளி செம்மறியாடாகி எழுந்து நின்று தும்மியது. அவல் பச்சைப் பசேலென்று நெற்பயிராக முளைத்தது. ஆடு பயிரை மேய்ந்துவிட்டுக் கன்றின் பின்னாலேயே போயிற்று.

மேலே மரத்தில் யாரோ சிரித்தார்கள். செக்கச் சிவந்த முதுகும் நீண்ட வாலுமாக ஒரு மலையணில்.

"இது ஏன் இப்படி ஆகுது?" என்று பூவாயி கேட்டாள்.

"பாத்துக்கோ, பாத்துக்கோ, நீயே பாத்துக்கோ!" என்றது அணில்.

வேறு யாராவது இருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். பூவாயி அந்தக் கல் மேலேயே உட்கார்ந்து யோசித்தாள். இடுப்பில் செருகிய அரிவாள் அப்படியே இருக்கிறது. கட்டிய சேலையும் இருக்கிறது. முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்து ஓடைக் கல்லின் மேல் வைத்தாள். நூல் நூலாகவே இருந்தது. இன்னொரு நூலை மண்ணில் போட்டாள். பருத்திச் செடி ஒன்று பூவும் காயுமாக எழுந்து நின்றது.

"மண்ணு!" என்று கத்தினாள். "மனுசங்க செஞ்ச பொருள் இந்த மண்ணைத் தொட்டா, முன்னே என்னவா இருந்துச்சோ அதுவா ஆயிடுது!"

"பரவாயில்லையே" என்றது அணில்.

அப்புறம் அவள் அந்தக் காட்டிலேயே தங்கினாள். கூடாரம் இல்லை, பாய் இல்லை, பானை இல்லை. கொடிகள் தாமாகவே பின்னித் தொட்டில் போலத் தொங்கிய இடத்தில் ஏறிப் படுத்தாள். அணில் கடித்துப் பார்த்த பழத்தைத்தான் தானும் தின்றாள். அரிவாளால் கிழங்கு தோண்டினாள். ஒரே வெட்டுதான், அரிவாள் செம்மண் கட்டியாக உதிர்ந்தது. மீதியை நகத்தால் தோண்டினாள். பாறை மேல் காய்ந்த மூங்கிலோடு மூங்கிலைத் தேய்த்து, கை கொப்பளித்த பிறகு தீ வந்தது. சுட்ட கிழங்கு கை தவறி மண்ணில் விழுந்தால் மறுபடி பச்சைக் கிழங்காகி இலை விடும். முதல் நாள் முழுக்க அவளுக்கு அதுதான் சாப்பாடு, அதாவது சாப்பாடே இல்லை. அட்டைகள் காலில் ஏறி ரத்தம் குடித்தன. அடுப்புச் சாம்பலை அள்ளிக் காலில் பூசினாள், அட்டைகள் சுருண்டு விழுந்தன. மழை வந்தால் பாறை இடுக்கில் ஒண்டினாள். அழுகை வரும். ஆனால் அதற்குள் ஏதாவது ஒரு பூச்சி புதுவிதமாக நடந்து போகும், அதைப் பார்க்கப் போய்விடுவாள்.

இப்படி ஒண்டியிருந்த ஒரு மழை நாளில்தான் அதைப் பார்த்தாள். எதிரே யானை படுத்தது போல ஒரு பெரும்பாறை. பாறை மேல் கல்மண்டபம். மண்டபம் நிறையப் பொருள்கள்: கட்டில், பாய், குத்துவிளக்கு, எச்சில் துப்பும் பணிக்கம், செம்புக் கூஜா. நடுவில் உச்சிக் குடுமியோடு ஒரு மந்திரவாதி. மாயக்குடுமி என்றால் அந்தக் காடே நடுங்கும்.

தெப்பலாக நனைந்த ராஜசேவகன் ஒருவன் தட்டுத்தடுமாறிப் பாறை மேல் ஏறினான். பாவம், அவன் கொண்டுவந்தவையும் ஆடாகவும் மாடாகவும் போயிருக்க வேண்டும்.

"ஐயா, ஒரு குடை இருந்தா குடுங்களேன்" என்றான் குளிரில் நடுங்கிக்கொண்டே.

"கேட்டாய் அல்லவா? ஆவாய்!" என்றான் மாயக்குடுமி.

சேவகனைக் காணோம். அவன் நின்ற இடத்தில் ஒரு தாழங்குடை கிடந்தது. மந்திரவாதி அதை எடுத்து விரித்துப் பார்த்து, திருப்தியாக மூலையில் சாத்தி வைத்தான்.

பூவாயிக்கு ஏன் யாரும் திரும்பவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. எதைக் கேட்கிறார்களோ அதுவாகவே ஆகிவிடுகிறார்கள்.

"என் அண்ணன் இதுல எது?" என்று அணிலிடம் கேட்டாள்.

"பாத்துக்கோ, பாத்துக்கோ..."

"தெரியும், நானே பாத்துக்கிறேன்!" என்று பாறை மேல் ஏறினாள்.

மாயக்குடுமியின் முகம் மலர்ந்தது. "வா கண்ணு, வா. ரொம்ப நனைஞ்சிருக்கியே. படுக்கப் பாய் வேணுமா? 'குடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"கொடியில படுத்தே பழகிடுச்சுங்க. உங்களுக்கு இருக்கிறது ஒரு முதுகு, ஏன் இத்தனை பாய் வச்சிருக்கீங்க?"

மந்திரவாதி திருதிருவென்று விழித்தான். "வயிறு ஒட்டிக் கிடக்குதே. சோறு பொங்கப் பானை வேணுமா? 'குடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"கிழங்கைச் சுட்டாலே ருசியா இருக்குதுங்க. அதுசரி, நீங்க ஏன் பாறையை விட்டுக் கீழ இறங்குறதே இல்ல?"

"ஈரத் தரை, சளி பிடிக்கும்" என்றான் அவன். ஆனால் அவன் கண் ஒருமுறை கீழே மண்ணைப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பியது. பூவாயி அதைப் பார்த்துக்கொண்டாள்.

மாயக்குடுமி பல்லைக் கடித்தான். செம்புக் கூஜாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "நாக்கு வறண்டிருக்குமே. இந்தக் கூஜா வேணுமா? 'குடுங்க'ன்னு..."

"ஹிக்" என்றது கூஜா.

கூஜாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடி திறந்துதான் கிடந்தது. காலிக் கூஜா, "ஹிக், ஹிக்" என்றது.

அண்ணா! 'குடுங்க, என் அண்ணனைக் குடுங்க' என்று பூவாயிக்கு நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நறுக்கென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரத்தமே வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையில் இரண்டு கூஜாக்கள் இருந்திருக்கும்.

அவள் மண்ணைப் பார்த்தாள். செருப்பு கன்றானது. கம்பளி ஆடானது. அப்படியென்றால் கூஜா? ஒருவேளை இது நிஜச் செம்பாகவே இருந்து, நான் போட்டதும் கல்லாகிப் போனால்? இல்லை, செம்புக்கு ஏன் பயம் வரப்போகிறது? செம்புக்கு ஏன் விக்கல் வரப்போகிறது?

கூஜாவை லபக்கென்று எடுத்தாள்.

"அடியே! கேட்காம எடுக்கிறியே!" என்று மாயக்குடுமி அலறினான்.

"கேட்டாத்தானே ஆபத்து!" என்று சொல்லி, பலம் கொண்ட மட்டும் கூஜாவைக் கீழே வீசினாள்.

கூஜா காற்றில் உருண்டு, "ஹிக்" என்று ஒரு சத்தம் போட்டு, மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் செங்கோடன் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

பூவாயி அதோடு நிற்கவில்லை. பாயைத் தூக்கி எறிந்தாள், ஒரு வியாபாரி எழுந்தான். விளக்கை உருட்டிவிட்டாள், ஒரு நாட்டியக்காரி எழுந்தாள். தாழங்குடையை வீசினாள், சேவகன் எழுந்தான். பணிக்கத்தைத் தூக்கப் போனபோது மாயக்குடுமி பாய்ந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "என்னுது! எல்லாம் என்னுது!" என்று இழுத்தான். அவள் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, மழையில் பாசி பிடித்த பாறை வழுக்கிவிட்டது. பணிக்கமும் அவனுமாகத் தடதடவென்று உருண்டார்கள்.

மண்ணைத் தொட்டதும் பணிக்கம் மீசையோடு எழுந்தது. அதுதான் ராஜாவின் தளபதி! மாயக்குடுமி எழுந்திருக்கவே இல்லை. அவன் விழுந்த இடத்தில் கொழுத்த பெருச்சாளி ஒன்று மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. கண்டதையெல்லாம் வளைக்குள் இழுத்துப் போட்டு, எங்கோ கிடந்த ஒரு மந்திரத்தையும் இழுத்துப் போட்டு மனுச உருவம் எடுத்திருந்த பெருச்சாளி. கூட்டத்தைப் பார்த்ததும் அது புதருக்குள் ஓடி மறைந்தது. மிச்சமிருந்த கட்டிலையும் பாய்களையும் பூவாயி மண்ணில் உருட்டிவிட, எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

தளபதி மீசையைத் துடைத்துக்கொண்டார். தான் என்னவாக இருந்தோம் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ராஜாவிடம் சொல்லி, பூவாயிக்கு ஓடைக்கரையில் ஒரு காணி நிலம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கன்றும் ஆடும் அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்தன.

இருங்கள், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. காட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பூவாயி பேசவே இல்லை. காட்டைத் தாண்டினார்கள், ஆட்டுத் தடம் வந்தது, வண்டித் தடம் வந்தது. அவள் வாயே திறக்கவில்லை.

செங்கோடன் நின்றான். "ஏன் புள்ள, ஒண்ணுமே கேட்க மாட்டேங்கிற?"

"நான் கேட்டுக் கேட்டுத்தானே நீ போன" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது.

"கூஜாவா இருந்தப்போ எனக்குக் காது நல்லாக் கேட்டுச்சு" என்றான் செங்கோடன். "நிம்மதி வேணும்னு போனேன்ல? அங்க ஒரு சத்தம் கிடையாது. என்ன ஏதுன்னு என்னை யாருமே கேட்கல. நாளெல்லாம் உன் குரலைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் 'ஏன் இத்தனை பாய் வச்சிருக்கீங்க'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு பாரு..." அவள் தலையைத் தடவினான். "கேளு கண்ணு. எத்தனை வேணா கேளு."

பூவாயி கண்ணைத் துடைத்தாள். "கூஜாவுக்கு ஏண்ணா விக்கல் வந்துச்சு?"

"பயம்தான். வேற என்ன?"

"ஏன் பயந்த? என் குரல் கேட்டுச்சுன்னு சொன்னியே?"

"அதனாலதான் பயந்தேன். நீயும் எதையாவது கேட்டு வச்சிடுவியோன்னு."

அதற்கும் அவள் ஒரு 'ஏன்' கேட்டாள். அதற்கு அவன் பதில் சொன்னான், அதற்கும் ஒரு 'ஏன்' கேட்டாள். வண்டித் தடம் முடிந்து சாலை வந்தது, சாலை முடிந்து வீடு வந்தது, கேள்வி மட்டும் முடியவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாம் சத்தம் போடாமல் எழுந்து நம் வீட்டுக்குப் போவோம்.