பாட்டுக்குள் வராத பிள்ளை

"எனக்கு அழுகை வரமாட்டேங்குதும்மா," என்றான் ரெஜினால்ட்.

மரகதம் மிளகுக் கொடியிலிருந்து கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கா மெட்ராஸ்ல இருந்து மலையேறி வந்தீங்க? இங்க வர்றவன் எல்லாம் அழுகையை நிறுத்த வழி கேட்டு வர்றான்."

"எனக்கு வரணும்மா."

"யாருக்காக?"

"என் பொண்ணுக்காக. ஆறு வயசுல போயிட்டா."

மரகதம் கொடியை விட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உட்காருங்கண்ணே."

தாண்டிக்குடி மலையில் மரகதத்தைத் தேடி ஆட்கள் வருவது புதிதில்லை. காவி கிடையாது, ருத்திராட்சம் கிடையாது, விபூதி கொடுத்து அனுப்புகிற வேலையும் கிடையாது. வந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். சில பேரைத் திட்டி அனுப்புவாள். திட்டு வாங்கினவர்கள்தான் மறுபடியும் வருவார்கள்.

அவளுக்கு நாற்பது வயது. ரெஜிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவன் அவளை அம்மா என்றான், அவள் அவனை அண்ணே என்றாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ரெஜி யார் என்று சொல்லிவிட வேண்டும்.

'இடிதாங்கி' என்று ஒரு ராக் குழு. பெரம்பூரில் ஒரு கார் ஷெட்டுக்குள் பிறந்தது. ரெஜிதான் அதன் பாடகன். தோள் வரை முடி, கறுப்பு டீ ஷர்ட், தொண்டை கிழிகிற பாட்டு.

அண்ணன்மார் வைத்திருந்த வெளிநாட்டு கேசட்டுகளை டேப் அறுந்து தொங்கும்வரை கேட்டு வளர்ந்தவன் அவன். கிதார் என்றால் அலற வேண்டும், டிரம்ஸ் என்றால் நெஞ்செலும்பில் இடிக்க வேண்டும். யாராவது மெலடி என்று வாயெடுத்தால் போச்சு. "தூக்கம் வந்தா பாயைப் போட்டுப் படுங்கடா, பாட்டு எதுக்கு?" என்பான்.

அவன் அப்படிக் கத்திப் பாடியதையெல்லாம் காலேஜ் பையன்கள் கொஞ்சம் பேர் கேட்டார்கள்.

அவன் மெதுவாகப் பாடியது ஒரே ஒரு பாட்டு. அதை ஊர் உலகமே கேட்டது.

'மஞ்சள் குடை'. மகள் ஷெரின் காய்ச்சலில் போன பிறகு, வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் கிடந்த நாட்களில் எழுதியது. கல்யாண வீட்டில் போட்டார்கள், சாவு வீட்டிலும் போட்டார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்கத் தாய்மார்கள் பாடினார்கள்.

கோயம்புத்தூர், சிங்கப்பூர், யாழ்ப்பாணம், டொரண்டோ, எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பாட்டு. பாடாமல் இறங்கினால் கூட்டம் விடாது. ஆயிரம் செல்போன் வெளிச்சம் மேலே எழும், ரெஜி கண்ணை மூடுவான், ஜனம் விக்கி விக்கி அழும்.

"போன மாசம் கோயம்புத்தூர்ல பாடிட்டிருந்தேன்," என்று மரகதத்திடம் சொன்னான். "முன் வரிசையில ஒரு பொம்பளை, கைக்குழந்தைய அணைச்சுக்கிட்டு அழுதுச்சு. நான் அதைப் பார்த்துக்கிட்டே பாடுறேன். என் மனசுல என்ன ஓடிச்சு தெரியுமா?"

"என்ன?"

"பரோட்டாக் கடை பூட்டியிருப்பானோன்னு."

மரகதம் சிரிக்கவில்லை.

"என் பிள்ளை செத்த பாட்டும்மா அது. நான் சால்னாவை நினைச்சுக்கிட்டுப் பாடுறேன். மனுசனா நான்?"

"பசிச்சிருக்கும்."

"அம்மா!"

"கிதார் கொண்டாந்திருக்கீங்கள்ல? பாடுங்க, கேப்போம்."

ரெஜிக்குச் சுருக்கென்றது. தப்பித்து ஓடி வந்த பாட்டையே இங்கேயும் பாடச் சொல்கிறாளே என்று மனம் வெந்தது. ஆனாலும் பையிலிருந்து கிதாரை எடுத்தான்.

சும்மா சொல்லக் கூடாது, பாட ஆரம்பித்தால் அவன் ராஜா. மிளகு பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து மூக்கைச் சிந்தினாள். இன்னொருத்தி கூடவே முணுமுணுத்தாள். அவளுக்கு மூன்று சரணமும் மனப்பாடம்.

பாட்டு முடிந்தது. மரகதம் கேட்டாள்:

"இது யாருண்ணே?"

"என் பொண்ணு. ஷெரின்."

"இந்தப் பிள்ளைய எங்களுக்கு நல்லாத் தெரியும். வேற ஏதாச்சும் சொல்லுங்க அவளப் பத்தி."

"என்ன சொல்ல?"

"பாட்டுல இல்லாதது எதாச்சும்."

இவ்வளவுதானா என்று ரெஜி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முன்பல்லு விழுந்துச்சு அவளுக்கு. அந்தச் சந்துல விசில் அடிப்பா."

"முதல் சரணம்," என்றாள் மரகதம்.

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு, 'நான் இங்க இல்ல'ன்னு அவளே குரல் குடுப்பா."

"ரெண்டாவது சரணம்."

"படுக்கப் போறப்போ நிலாவுக்கு..."

"டாட்டா காட்டுவா. அது பல்லவியிலயே இருக்கு."

தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் ஆமாம் என்று தலையாட்டினாள்.



"சாம்பார்னா பிடிக்காது," என்றான் கடைசியில்.

"நெசமாவா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியல. எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காதே, அதான்..."

"யோசிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு மரகதம் கொடிக்குப் போய்விட்டாள். பெண்களும் கலைந்தார்கள்.

ரெஜி தோட்டத்தின் கீழ்க்கோடியில், சில்வர் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்தான். கண்ணை மூடினான்.

பிள்ளை வந்தாள். மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு, பல் சந்து தெரியச் சிரித்தாள். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தான்.

அது ஷெரின் இல்லை. பாட்டை வீடியோ எடுத்தார்களே, அதில் நடித்த குழந்தை. டைரக்டர் யாருடைய வீட்டுப் பிள்ளையையோ கூட்டி வந்திருந்தார். அந்த முகம்தான் வருகிறது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி கண்ணை மூடினான், மறுபடியும் அதே பிள்ளை வந்து விசில் அடித்தது.

அவன் எழுந்து கிட்டத்தட்ட ஓடினான்.

"அம்மா, அந்தக் குடை மஞ்சள் இல்லம்மா!"

மரகதம் முறத்தில் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"பின்ன?"

"மெட்டுக்காகப் போட்டது. முதல்ல வேற கலர்தான் எழுதினேன், இழுத்துப் பாடறப்போ வாயில உருளல. மஞ்சள்னு போட்டேன், அம்சமா உட்கார்ந்துச்சு. அப்படியே விட்டுட்டோம்."

"சரி. நெசக் குடை என்ன கலரு?"

"அதாம்மா... நெசக் குடை மனசுல இருந்து போயிடுச்சும்மா. எங்க தேடியும் இல்ல. கண்ணை மூடினா மஞ்சளாத்தான் தெரியுது. மஞ்சள் இல்லன்னு எனக்குத் தெரியும், ஆனா மஞ்சளாத்தான் தெரியுது."

அப்போதும் அழுகை வரவில்லை. யாரை நினைத்து அழுவது? பிள்ளை இருந்த இடத்தில் பாட்டு உட்கார்ந்திருந்தது.

மரகதம் இடுப்பிலிருந்து தன் செல்போனை எடுத்து நீட்டினாள்.

"பிள்ளையோட அம்மா இருக்காங்கள்ல?"

எஸ்தர் இருந்தாள், தூத்துக்குடியில். பாட்டு பிரபலமான பிறகு கொஞ்ச காலம்தான் அவனோடு இருந்தாள். ஆட்டோவில் அந்தப் பாட்டு, டீக்கடையில் அந்தப் பாட்டு, பக்கத்து வீட்டுப் பையனின் போன் மணி அடித்தால் அந்தப் பாட்டு. ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். சண்டையெல்லாம் போடவில்லை. அவன் பெயர் தெரிந்தால் போனை எடுக்க மாட்டாள்.

இது வேறு நம்பர். எடுத்தாள்.

"யாரு?"

"எஸ்தர், நான்தான். ரெஜி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அதற்குள், வைத்துவிட்டுப் போய்விடுவாளோ என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சொல்லுங்க."

"ஷெரினோட குடை என்ன கலர்?"





"மஞ்சள்னுதான ஊருக்கெல்லாம் சொன்னீங்க."

"மஞ்சள் இல்ல."

"இல்லதான்," என்றாள். குரல் இளகியிருந்தது. "இன்னைக்காவது தோணிச்சே."

"சொல்லு எஸ்தர். வேற ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு கலரு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ரெஜி," என்றாள். பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "அவ பல்லைக் குடுத்தேன், பாடிட்டீங்க. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சதைக் குடுத்தேன், பாடிட்டீங்க. இப்ப எனக்கே அதெல்லாம் உங்க குரல்லதான் கேக்கு. மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு. குடை இருக்கு, எங்கிட்ட மட்டும் அவ பேசுன பேச்சு இருக்கு. சாயந்தரம் ஜெபம் முடிச்சு உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வச்சிக்கிடுவேன். உங்கட்ட குடுத்தா அதையும் பாடிருவீங்க."

மாட்டவே மாட்டேன் என்று சொல்லத்தான் ரெஜி வாயெடுத்தான். பிள்ளை மேல் சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தான்.

வார்த்தை வரவில்லை.

ஏனென்றால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, 'ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வச்சிக்கிடுவேன்' என்ற இடத்தில், அவன் மண்டைக்குள் ஒரு மெட்டு கிளம்பிவிட்டது. நல்ல மெட்டு. அந்த வரி அதில் அச்சாக உட்கார்ந்தது. கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தான். தன் காலைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு காலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"என்ன பேச்சைக் காணோம்?" என்றாள் எஸ்தர். கொஞ்சம் பொறுத்து, "அழுதுருவீங்க போல இருக்கே. சரி, கலர் மட்டும் சொல்றேன். அது வந்து..."

"வேண்டாம்!" என்று கத்தினான் ரெஜி.

முறத்தடியில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

"வேண்டாம் எஸ்தர். சொல்லாதே. எங்கிட்ட சொல்லாதே. நாளைக்கு நான் கெஞ்சினாலும் சொல்லாதே, கால்ல விழுந்தாலும் சொல்லாதே."



"சரி," என்றாள் எஸ்தர். வைத்துவிட்டாள்.

ரெஜி போனைக் கொண்டுபோய் மரகதத்திடம் கொடுத்தான்.

"சொன்னாங்களா?"

"சொல்ல வந்தா. நான்தான் வேணாம்னுட்டேன்."

மரகதம் அவன் முகத்தைப் பார்த்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பப் பிள்ளை அவ அம்மாகிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

ரெஜி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அந்த மண் தரையிலேயே உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதான்.