எழுத்தழிந்த பொத்தான்கள்

குற்றால மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் தலைவி சுடர்க்கொடி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சொள்ளமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி வந்த மனிதரிடம் அம்மா ஆசிரமத்துக் காரை ஒப்படைத்துவிட்டார். சுற்றுவட்டாரத்து நோயாளிகளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதுதான் அவருக்கு வாய்த்த தவம்.

அந்தத் தவத்தை அவர் விடாப்பிடியாகச் செய்தார். காருக்குள் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. ஏறுகிறவர்கள் தும்மக்கூட யோசிப்பார்கள்.

ஒருநாள் காலையில் முகம் கடுகடுக்க அம்மாவிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு என் மகன் இளங்கோ வாரான் அம்மா. வீட்டை விட்டுப் போனவன், இத்தனை வருசம் கழிச்சு இப்பதான் ஒரு போன் பண்ணிருக்கான். ஸ்டேஷன்ல இருந்து அவனைக் கூட்டிட்டு வரணும். வண்டியப் பாத்தா மானம் போகுது. ஏசிப் பொத்தான், ரேடியோப் பொத்தான், ஒண்ணுலயும் எழுத்து இல்ல."

"ஏன் அழிஞ்சுது?"

"கண்டவங்களும் கைய வச்சா? வேர்வைக் கை, எண்ணெய்க் கை. இனிமே முன்சீட்டுல யாரும் ஏறக்கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அம்மா எழுந்து காருக்குப் போனார். பின்கதவைத் திறந்து, கண்ணாடியை இறக்கும் பொத்தானைக் காட்டினார். அதிலிருந்த அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது.

"இதை யாரு அமுக்குதாங்க?"

"ஊர்ப்பிள்ளைகதான். ஏறினா இறங்குறவரைக்கும் அதே வேலை."

"இதைத் துடைப்பீங்களா?"

"எங்க நேரம் இருக்கு? எப்பவாவது ஈரத்துணியால ஒரு இழுப்பு."

"முன்னால இருக்கறத?"

"அது தினமும்." சொள்ளமுத்துவின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. "நம்ம மருந்தறை ஸ்பிரிட்டப் பஞ்சுல நனைச்சு, அழுத்தித் தேச்சிருவேன்."

"ஒரு பொத்தான்ல இன்னும் பாதி எழுத்து இருக்கு. தேய்ங்க, பாப்போம்."

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துவந்து தேய்த்தார். வழக்கமாகப் பஞ்சை அப்படியே தூர எறிந்துவிடுவார். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் இன்று அதைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தின் வெள்ளை பஞ்சில் ஒட்டியிருந்தது.

"வெயிலும் வேர்வையும் கொஞ்சம் தின்னிருக்கும்" என்றார் அம்மா.

சொள்ளமுத்து ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகனுக்கு அவர்தான் கார் ஓட்டப் பழக்கினார். பழக்கினார் என்பதைவிடப் படுத்தி எடுத்தார் என்று சொல்லலாம். பையன் உட்கார்ந்த விதம் தப்பு, ஸ்டியரிங்கைப் பிடித்த விதம் தப்பு, கியர் மாற்றிய விதம் தப்பு. ஒருநாள் அவன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனான். பஸ் ஏறிப் போனவன் வீடு திரும்பவே இல்லை.

"அவன் நல்லா வரணும்னுதான் அம்மா சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"நாளைக்கு நான் என்ன செய்யணும்?"

"வண்டிய அவன் ஓட்டட்டும். நீங்க பின்னால உக்காந்து வாங்க."

சொள்ளமுத்து கியர்த் தண்டைப் பற்றிக்கொண்டார்.

"அவன் கிளட்சை முழுசா மிதிக்கவே மாட்டான் அம்மா. கியர் கரகரன்னு கத்தும். தேஞ்சு போயிருமே!"

"கியர் தேஞ்சா வேற வாங்கிக்கலாம் அண்ணாச்சி."