முத்திரை போட்ட கறிக்குழம்பு

வெகு காலத்துக்கு முன்னால் ஆனைமேடு என்ற நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். ஆட்டுக்கறிக் குழம்பென்றால் அவருக்கு உயிர், அதுவும் அரண்மனைச் சமையல்காரி மாகாளி வைத்த குழம்பென்றால் கேட்கவே வேண்டாம். அவளைச் சபையிலேயே புகழ்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் சமையற்கட்டு அதிகாரி நாகப்பருக்கு வயிறு எரியும்.

சித்திரை மாத விருந்தொன்றில் அரை அண்டா குழம்பு மிஞ்சியது.

"சின்னச் சின்னத் தூக்குச்சட்டிகளில் பிரித்து, சீக்கிரம் ஆறவைத்துக் கிணற்றில் இறக்கிவிடுகிறேன். நாளைக்கு எடுத்ததும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்" என்றாள் மாகாளி.

"ராஜா வீட்டுக் குழம்பு என் முத்திரைக்குள் இருக்கும். நீ போ" என்றார் நாகப்பர். கொதிக்கக் கொதிக்க அண்டாவை மூடி, துணி கட்டி, முத்திரை வைத்தார். மறுநாள் மத்தியானம், அடித்த வாடை தெரியாதபடி மிளகுத்தூளைக் கொட்டி, லேசாகச் சுடவைத்து ராஜாவுக்குப் பரிமாறினார்.

ராஜா மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வாந்தியும் பேதியும்.

"மாகாளி விஷம் வைத்துவிட்டாள்" என்றார் நாகப்பர். ராஜா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவளைச் சிறையில் தள்ளினார். நான்காம் நாள் மரண தண்டனை சொல்லச் சபைக்கு இழுத்து வந்தபோது அவளுக்குப் பயம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"தலையை எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அதிகாரியே குழம்பு வைக்கட்டும், அன்றைக்கு மாதிரியே மூடி வைக்கட்டும். நான் சிறையில்தான் இருப்பேன். நாளை மத்தியானம் அவரே சாப்பிடட்டும்" என்றாள்.

அப்படியே நடந்தது. மறுநாள் சபை நடுவில் நாகப்பர் முத்திரையை உடைத்தார். குழம்பு நுரைத்துப் பொங்கியிருந்தது. நாற்றம் தாங்காமல் மந்திரிகள் மூக்கைப் பொத்தினார்கள்.

"சாப்பிடும்" என்றார் ராஜா.

"மகாராஜா, இது கெட்டுப்போய்விட்டது..."

"யார் கெடுத்தது?" மாகாளி குரலை உயர்த்தவில்லை. "நான் தொடவே இல்லையே. விஷம் என்றால் வைத்தது நீர். விஷம் இல்லையென்றால் அன்றைக்குச் சொன்னது பொய். எது?"

நாகப்பர் முத்திரைத் துணியை எடுத்து அண்டாவை அவசரமாக மூடினார்.

ராஜா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுக்க வந்தார். அவள் கை நீட்டவில்லை.

"முதலில், விசாரிக்காமல் சிறையில் போட்டது தப்பு என்று இதே சபையில் சொல்லுங்கள்."

ராஜா முகம் சிவந்தது. பிறகு எழுந்து நின்று, சொன்னார்.

அன்று முதல் சமையற்கட்டு மாகாளியின் பொறுப்பு. அண்டா தேய்ப்பது நாகப்பரின் வேலை. முதல் நாள் தேய்த்து முடித்து நிமிர்ந்தார். மாகாளி குனிந்து முகர்ந்தாள்.

"வாடை போகவில்லை. மறுபடி தேயும்" என்றாள்.