ஏழாவது தட்டு

“இடம் மாறினாலும் குணம்...” பெரியப்பா ஒண்ணு சொல்வார், பின்பாதி மறந்துபோச்சு. கிடக்கட்டும். நீ கண்ணை மூடிக்கோ, ஆதிரை. ஆனா ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா கதை நடுவழியில நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு பூதம். ஊர் முழுக்க எண்ணுங்கதான் குடியிருந்துச்சு. பூதத்துக்கு மட்டும் விளையாட ஆளே கிடையாது. ஏன்னா அது கையில ஒரு கோளாறு. யாரைப் பார்த்துக் கையை ரெண்டு தட்டு தட்டுதோ, அவங்க ரெண்டு மடங்கு ஆயிடுவாங்க. மூணு தட்டினா மூணு மடங்கு. குஷி வந்தா கை சும்மா இருக்குமா? ஒருநாள் பன்னெண்டு விளையாட வந்துச்சு. பூதம் டப், டப்! பன்னெண்டு இருபத்திநாலா ஆயிடுச்சு. “யாருய்யா நீ? உன்னைப் பார்த்ததே இல்லையே”ன்னுட்டுப் போயிடுச்சு.

“ம்.”

அப்புறம் அந்தத் தெருவுக்கு ஆறு பிள்ளைங்க குடிவந்தாங்க. கைகோத்து வரிசையா நின்னாங்க. ஒண்ணு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. சேர்த்துப் படிச்சா ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழு.

“அம்மாடி! அவ்ளோ பெருசா?”

பெருசுதான். அதுல ஒண்ணுதான் கடைக்குட்டி. அவ சொன்னா, “பூதம் மாமா, எங்களைப் பார்த்துத் தட்டுங்க!”

“வேண்டாம்மா. நீங்களும் என்னை மறந்துடுவீங்க.”

“அட, தட்டுங்க மாமா!”

பூதம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு டப், டப். திறந்து பார்த்தா ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு, ஒண்ணு, நாலு! முன்னாடி நின்ன ரெண்டு பேரு பின்னாடி ஓடியிருக்காங்க. மத்தபடி அதே ஆறு மூஞ்சி! அப்புறம் பழைய இடத்துக்கு வந்தாங்க. அப்போ மூணு தட்டு. ஒண்ணு மட்டும் குடுகுடுன்னு வாலுக்கு ஓடினா. நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு ஒண்ணு! நாலு தட்டினாலும், அஞ்சு தட்டினாலும், ஆறு தட்டினாலும் இடம்தான் மாறுது, ஆள் மாறலை. பூதம் தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரிச்சுது.

“ம்ம்.”

அப்போ மூத்தவன் எட்டு வந்தான். “மாமா, ஏழு தட்டுங்களேன்.”

“தட்டினா?”

“ஆறு பேரும் ஒன்பது ஆயிடுவோம். ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது! ஆறு பேர் நிக்கிற வரிசையில எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது.”

ஒண்ணு உதட்டைப் பிதுக்கினா. “நீயும் ஒன்பது, நானும் ஒன்பதுன்னா மாமா என்னை எப்படிக் கண்டுபிடிப்பாரு?”

“போடி பொடிசு! சும்மா கிடைக்குது, வேணாங்கிற. தட்டுங்க மாமா!”

பூதத்துக்கும் கை துறுதுறுன்னுச்சு. டப், டப், டப், டப், டப், டப்... ஆறாவது தட்டுக்கு எட்டே முதல் ஆளா வந்து நின்னான். ஏழாவதுக்குப் பூதத்தோட ரெண்டு கையும் முறம் மாதிரி விரிஞ்சு நிக்குது.

“ம்... அப்புறம்?”

அப்புறம் பூதம் ரெண்டு கையையும் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிச்சு.

கதை படுத்தாச்சு. நீயும் தூங்கு.