அடுத்த வீட்டில் என்ன பேச்சு?

முன்னொரு காலத்தில் சேந்தன் என்ற அரசன் ஆம்பற்குடி நாட்டை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் மனதில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் அவனுக்கு, ஆற்றங்கரைச் சந்தையை மலைமேல் அரண்மனை வாசலுக்கே மாற்றிவிடும் ஆசை வந்தது. உப்பரிகையில் நின்றபடியே வேடிக்கை பார்க்கலாமே!

"மக்களுக்கு இதில் சந்தோஷமா? கேட்டு வாருங்கள்" என்றான்.

தளபதி எயினன் வேல்வீரர்களோடு போய் வந்தான். "வீடுவீடாகக் கேட்டேன், பிரபு! எல்லோருக்கும் சந்தோஷம். மறுத்துப் பேச ஒரு வாய் இல்லை!"

அந்த ஒரு வாய்கூட இல்லாததுதான் அமைச்சர் நாகனாரை உறுத்தியது. குழம்பில் உப்பு போதுமா என்பதற்கே வீட்டுக்குள் இரண்டு பேச்சு இருக்கும். ஊர் முழுக்க எப்படி ஒரே பேச்சு?

"அரசே, வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாமே" என்றார் மெல்ல.

எயினன் சிரித்தான். "அமைச்சருக்கு என்மேல் நம்பிக்கை இல்லையாம்! நான் சொன்னது தவறென்று காட்டட்டும். முடியாவிட்டால் அவர் பதவி எனக்கு."

"சம்மதம்" என்றார் நாகனார். "ஆனால் தாங்களும் சாதாரண உடையில் வர வேண்டும், அரசே. வேல் வேண்டாம்."

மறுநாள் அரசனும் நாகனாரும் கீரைக்காரி வேம்பியின் வாசலில் நின்றார்கள்.

"சந்தை மலைக்குப் போகிறதே..." என்று தொடங்கினார் நாகனார்.

"எனக்கு ரொம்பச் சந்தோஷம், சாமி!" வாய்ப்பாடு போல ஒப்பித்தாள்.

"உன்னைக் கேட்கவில்லை, தாயே. அடுத்த வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?"

வேம்பியின் குரல் தாழ்ந்தது. "அவளா? ஒரே புலம்பல்! வெயிலில் மலையேறினால் கீரை வாடிப்போகுமாம். ராசாவுக்கு வேடிக்கை, நமக்கு மூச்சுவாங்கலா என்கிறாள்."

"அவளும் கீரைதான் விற்கிறாளா?"

"இல்லை, சட்டிபானை..." வேம்பி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பானைக்காரியோ, "எனக்குச் சந்தோஷந்தான், சாமி. அந்தக் கீரைக்காரிதான், ஏறுவதற்குள் பானையெல்லாம் உடையுமென்று அழுகிறாள்" என்றாள். தெருக்கோடி வரை இதே கதை.

இருவரும் அரண்மனைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் எயினன் கொதித்தான். "உத்தரவு கொடுங்கள், பிரபு! அந்த அடுத்த வீட்டுக்காரர்களை எல்லாம் பிடித்து வருகிறேன்!"

"ஊரில் அடுத்த வீட்டுக்காரன் இல்லாதவன் எவனடா?" என்றான் அரசன். "உன் வேலுக்கு முன்னால் நானே நின்றிருந்தாலும் சந்தோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன். சந்தை ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும். இனி மக்கள் மனதை அறியும் வேலை நாகனாருடையது. நீ நாளை ஒரு கூடைப் பானையைத் தலையில் சுமந்து மலையேறி வா."

மறுநாள் உச்சிவெயிலில் எயினன் தள்ளாடி வந்து நின்றான். சபையே கூடியிருந்தது.

"என்ன தளபதி, சந்தோஷந்தானே?" என்றான் அரசன்.

எயினன் வியர்வையைத் துடைத்தான்.

"எனக்குச் சந்தோஷந்தான், பிரபு. என் அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான் கழுத்து ஒடிகிறதாம்."