புது எஞ்சினுக்குப் பாரம் கூடாது

சிப்பிக்குடாவில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பாலன் இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோன மூன்று ஞானிகளின் பெயர்களையும் அவர்களுடைய அப்பா ஒன்றுவிடாமல் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார். மூத்தவன் கஸ்பார், நடுவுள்ளவன் மெல்கியோர், கடைக்குட்டி பல்த்தசார். ஞானம் அந்தப் பெயரோடு தீர்ந்துபோனது. ஆனாலும் ஆண்டவர் கொடுத்த மூளையை வீணடித்தார்கள் என்று யாரும் அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்தபடியே, கை படாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரு பாய்மர வள்ளம் இருந்தது. காற்று இல்லாத நாளைக்கு உதவட்டும் என்று உள்ளே ஒரு டீசல் எஞ்சின். அந்த எஞ்சினுக்கு வயது கஸ்பாரின் கல்யாணத்தைவிடக் கூடுதல். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் முதலில் இருமும், பிறகு கறுப்பாகத் துப்பும், மனசிருந்தால் ஓடும். போன மாசியில் கஸ்பாரின் மகள் எமிலியாவைப் பெண் பார்க்க வந்தவர்களை அது நடுக்கடலில் அரைநாள் மிதக்கவிட்டது. கரையேறியவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, வாந்தி எடுக்க மறைவிடம் பார்த்தார்கள். சம்பந்தம் அதோடு சரி.

இப்போது மணல்தீவிலிருந்து இன்னொரு வரன் வந்திருந்தது. பெண் வீட்டார் தங்கள் சொந்த வள்ளத்தில் போய் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வருவது அந்தக் கரையின் வழக்கம்.

"இந்தத் தடவையும் அந்தக் கிழட்டு எஞ்சினைக் கொண்டு போனீரு, எம்மவ கன்னியாஸ்திரீ மடத்துக்குத்தான் போகணும்" என்றாள் கஸ்பாரின் மனைவி ரெஜினா. "மாத்தும், அவ்வளவுதான்."

கஸ்பாருக்கு மகள் என்றால் உயிர். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் டவுனுக்குப் போய், எஞ்சின் பூட்டும் உத்தண்டு மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி நல்ல மனுஷர். ஆளைத் தெரியாமல் பேசினார், அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

"புது எஞ்சினோட நான் சனிக்கிழமை வாரேன். அதுக்குள்ள நீங்க பழசைக் கழத்தி வையுங்க. கழத்தும்போது எல்லாத்துலயும் அடையாளம் போட்டுக்கிடுங்க. எஞ்சினைத் தூக்கிட்டா வள்ளம் பின்னால கெளம்பிக்கிடும். அதனால அதே கனத்துக்கு எதையாவது அந்த இடத்துல வச்சிருங்க."

அண்ணன் தம்பிகள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் இறங்கினார்கள். என்ன அடையாளம் போடுவது என்பதில் விவாதமே வரவில்லை. சிலுவைதான். போல்ட்டுக்கு ஒரு சிலுவை, நட்டுக்கு ஒரு சிலுவை, குழாய்க்கு, பெல்ட்டுக்கு, கஞ்சிச் சட்டிக்கு, கடைசியில் பல்த்தசார் நெற்றிக்கு. மேஸ்திரி 'எல்லாத்துலயும்' என்றுதானே சொன்னார்?

பிறகு எஞ்சினைத் தூக்கி எடுத்தார்கள். வள்ளத்தின் பின்பக்கம் சொன்னபடி மேலே எழும்பியது.

"கல்லை வைப்போமா?" என்றான் மெல்கியோர்.

"கல்லு செத்த கனம்லா" என்றான் கஸ்பார். "எஞ்சின் உயிரோட உறுமிக்கிட்டுக் கெடந்தது. உயிருள்ள கனமாத்தான் வைக்கணும்."

இருவரும் பல்த்தசாரைப் பார்த்தார்கள். அவன் உடம்பும் எஞ்சின் கனம் இருக்கும். அவன் போய் எஞ்சின் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டான். மத்தியானம் அவனுக்குப் பசித்தபோது வம்பு வந்தது. சாப்பிட்டால் கனம் கூடும், சாப்பிடாவிட்டால் குறையும். கஸ்பார் வெகுநேரம் யோசித்து, எஞ்சினுக்கு டீசல் அளக்கும் கேனிலேயே கஞ்சியை அளந்து ஊற்றினான். பல்த்தசார் புனலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மேஸ்திரி வந்து பார்த்தார்.

"இந்த போல்ட்டு எங்க இருந்தது?"

"சிலுவை போட்டிருக்கு பாருங்க."

"இதுலயும் சிலுவைதான இருக்கு?"

"எல்லாத்துலயும்தான் இருக்கு" என்றான் மெல்கியோர், சற்று வருத்தத்தோடு. "சாமி விஷயத்துல பெரிய போல்ட்டு, சின்ன போல்ட்டுன்னு பாக்க முடியுமா மேஸ்திரி?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். எஞ்சினைப் பூட்டுவதற்கு முன் பல்த்தசாரைக் கழற்றுவது பெரும்பாடாகிவிட்டது. தான் எழுந்தால் வள்ளம் கவிழ்ந்துவிடும் என்று அவன் மேஸ்திரியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒருவழியாகப் புது எஞ்சின் உட்கார்ந்தது. பச்சை வர்ணம், பளபளவென்று இருந்தது. ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. எமிலியா கழுத்தில் தாலி ஏறிவிட்டதைப் போலவே இருந்தது அவனுக்கு.

கிளம்பும்போது மேஸ்திரி சொன்னார்: "புது எஞ்சினு வே. கொஞ்ச நாளைக்குப் பாரம் குடுக்காதீங்க, சும்மா ஓடட்டும். அப்புறம், எஞ்சின் ஓடும்போது பாயை விரிச்சிராதீங்க."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் மூவரும் வள்ளத்தில் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. கஸ்பார் கியரில் கை வைத்தான்.

"அண்ணேன்!" என்று அலறினான் மெல்கியோர். "கியரைப் போட்டா அது வள்ளத்தைத் தள்ளணும்லா? அது பாரம் இல்லியா?"

கஸ்பாருக்கு வேர்த்துவிட்டது. மகளின் வாழ்க்கையை ஒரு நொடியில் கெடுக்கப் பார்த்தோமே என்று கையை இழுத்துக்கொண்டான்.

"அப்ப பாயை விரிப்போமா?" என்றான் பல்த்தசார்.

"எஞ்சின் ஓடுதேலே! மேஸ்திரி என்ன சொன்னாரு?"

ஆகவே, எஞ்சின் ஊரே கேட்கும்படி ஓட, பாய் கட்டுக் குலையாமல் கிடக்க, அருமையான காற்று சும்மா வீசிக்கொண்டிருக்க, மூன்று ஞானிகளும் துடுப்பு வலித்துக்கொண்டு மணல்தீவுக்குப் போனார்கள். வழியில் ஒரு கட்டுமரக்காரன் வலையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். புது எஞ்சினைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்று கஸ்பார் நினைத்தான்.

தீவில் மாப்பிள்ளையின் அப்பா சூசை மரியான், மாப்பிள்ளை லாசர், சொந்தக்காரர் நாலு பேர் என்று கரையில் நின்றார்கள். இத்தனை பேரை ஏற்றினால் எஞ்சினுக்குப் பாரமாகாதா என்று பல்த்தசார் கேட்டான். மெல்கியோர் விளக்கினான்: "எஞ்சினே வள்ளத்து மேலதான் உக்காந்திருக்கு. பாரம் வள்ளத்துக்குத்தான்." இவ்வளவு படித்த தம்பியை வைத்துக்கொண்டு பயப்பட என்ன இருக்கிறது என்று கஸ்பார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் சூசை மரியான் தொண்டையைச் செருமினார். போன வரன் வீட்டாரின் வாந்தியும் இப்படித்தான் செருமலில் ஆரம்பித்தது.

"எஞ்சின் ஓடுது. நீங்க துடுப்பு வலிக்கீங்களே, ஏன்?"

"புதுசு" என்றான் கஸ்பார் பயந்துகொண்டே. "வந்த மறுநாளே வேலை வாங்க மனசு வரல."

சூசை மரியான் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? புதுசா வந்த எஞ்சினையே இந்தத் தாங்கு தாங்குதாங்க. புது மாப்பிள்ளையை எப்படித் தாங்குவாங்க! எடுங்கலே துடுப்பை!"

லாசரை மட்டும் எஞ்சின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவரும் சொந்தக்காரர்களும் மிச்சத் துடுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இனம் இனத்தோடுதானே சேரும்? வள்ளம் பறந்தது. கஸ்பார் இத்தனை சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பாதிக்கடலில் டீசல் தீர்ந்தது. எஞ்சின் நின்றது.

எல்லாரும் துடுப்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

"போச்சு" என்றான் கஸ்பார். "எஞ்சின் நின்னுபோச்சு. இனி எப்படிக் கரை சேர?"

"அதான? எஞ்சின் இல்லாம வள்ளம் எப்படிப் போவும்?" என்றார் சூசை மரியான், துடுப்புப் பிடித்துக் காய்த்த கையைத் தடவிக்கொண்டு.

தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. துண்டை ஆட்டினார்கள், அது கவனிக்கவில்லை. "பெரிசா, வெள்ளையா எதையாவது காட்டணும்" என்றான் மெல்கியோர். வள்ளத்திலேயே பெரியதும் வெள்ளையானதும் பாய்தான். எஞ்சின்தான் ஓடவில்லையே, விரிக்கலாம். விரித்தார்கள். அந்தப் படகுக்காரன் ஏதோ ஆபத்து என்று இவர்கள் பக்கம் திரும்பினான். அதற்குள் காற்று பாயில் புகுந்து வள்ளத்தைக் கரைப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

"ஐயோ, காப்பாத்த வாரவன் பின்தங்குதானே!" என்று கஸ்பார் கத்தினான். "பாயை இறக்குங்கலே!"

முடிச்சு இறுகிவிட்டது. அவிழ்க்க அவிழ்க்க வள்ளம் இன்னும் வேகமாகப் போனது. பாய் கீழே விழுந்தபோது வள்ளம் சிப்பிக்குடா மணலில் தட்டி நின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பல்த்தசார் நங்கூரத்தையும் போட்டான்.

கரையில் ரெஜினா நின்றாள். "இறங்கி வாங்களேன், சோறு ஆறுது!"

"எஞ்சின் நின்னுபோச்சு!" என்று கஸ்பார் திருப்பிக் கத்தினான். "காப்பாத்த ஆள் வருது, பொறு!"

லாசர் ஒரு காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தான். "ஆழம் தெரியாம காலை விடாதன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கலே" என்று அவன் அப்பா இழுத்து உட்காரவைத்தார். எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் செபமாலையை எடுத்தார்.

ரெஜினாவுக்குப் பொறுமை போய்விட்டது. சேலையைத் தூக்கிச் செருகினாள், சோற்றுப் பானையைத் தலையில் வைத்தாள், முழங்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

சூசை மரியான் மெல்ல முழந்தாளிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் தாரை தாரையாக நீர்.

"சம்மந்தியம்மா கடல் மேல நடந்து வாராவ" என்றார். "இப்படி ஒரு குடும்பத்துல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். நிச்சயம் பண்ணிருவோம்." பிறகு கஸ்பாரின் காதருகே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பொண்ணும் இப்படி நடப்பாளா?"

கஸ்பாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நடக்கிறதா? எம்மவ ஓடவே செய்வா."