அணில் வாங்கிய பெரிய டேப்லெட்

ஏரிக்கரை நாவல் மரத்தில் ஓர் அணில் இருந்தது. படம் வரைவதில் அதற்குக் கொள்ளை ஆசை. மரப்பட்டையில் பல்லால் கீறியே எறும்பையும் தும்பியையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடும்.

குளிர்காலம் பிறந்தால் வடக்கேயிருந்து வரித்தலை வாத்துகள் அந்த ஏரிக்கு வரும். அவற்றில் ஒரு வாத்துக்கும் அணிலுக்கும் அப்படியொரு சிநேகிதம். அந்த வருஷம் வாத்து வந்து இறங்கும்போதே தள்ளாடியது.

“றெக்கை விட்டுப்போச்சு தங்கச்சி. பனிமலையைத் தாண்டி மறுபடியும் வருவேனோ என்னவோ. என் முகத்தை வரைஞ்சு உன்கிட்ட வெச்சுக்கோ” என்றது.

அணில் வாத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “மரப்பட்டை மழையில ஊறி உரிஞ்சு போயிடும்க்கா. டேப்லெட்டுல வரைஞ்சா அழியாது. நாளைக்கே வாங்கிடறேன்.”

காட்டில் டேப்லெட் கடை வைத்திருந்தது காகம். ஒளித்து வைத்திருந்த கொட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அணில் அங்கே போனது.

“எதுல உட்கார்ந்து வரையப் போறே?” என்று கேட்டது காகம்.

“கிளையிலதான் அண்ணே.”

“அப்போ இதை எடுத்துக்கோ.” வாதாம் இலை அளவுக்கு ஒரு சின்ன டேப்லெட்டை நீட்டியது. “கைக்கு அடக்கமா இருக்கும். பேனா பட்டாத்தான் கோடு விழும். கால் பட்டா ஒண்ணும் ஆகாது.”

அணில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாய்த்து வைத்திருந்த பெரிய டேப்லெட்டிலேயே அதன் கண் இருந்தது. கருங்குரங்கிடம் இருப்பதும் அதே மாதிரிதான். கருங்குரங்கு வரைய உட்கார்ந்தால் காடே கூடி வேடிக்கை பார்க்கும். நான் மட்டும் என்ன குறைச்சல் என்று நினைத்தது அணில்.

“அதைக் கொடுங்க.”

“அதுல எது பட்டாலும் கோடு விழும். குரங்குக்குக் கை நீளம், ஓரமா உட்கார்ந்தே எட்டும். உனக்குத் தோதுப்படாது.”

“என்னைப் பார்த்தா இளக்காரமா இருக்கா?”

வியாபாரம் நடந்தால் சரி என்று காகம் கொட்டைகளை அள்ளிக்கொண்டது.

மறுநாள் வாத்து கரையில் வந்து கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தது. அணில் அலகிலிருந்து தொடங்கியது. அலகை முடித்துக் கண்ணுக்குப் போக வேண்டுமானால் திரைமேலேயே ஓட வேண்டியிருந்தது. ஓடிய வழியெல்லாம் கால் பட்டுக் கோடு. அதை அழிக்க ஓடினால் இன்னும் நாலு கோடு. வரைந்த கண்ணுக்குள் அணிலின் நகக் கீறல்தான் தெரிந்தது.

“ஒரு மூலையில சின்னதா வரையேன், போதும்” என்றது வாத்து.

“இவ்வளவு பெருசை வாங்கிட்டு மூலையிலயா வரையறது? அசிங்கம்க்கா. பழகிடுவேன், இருங்க.”

பழகவே இல்லை. வாத்து தினமும் வந்தது, தினமும் கழுத்து வலிக்க உட்கார்ந்தது. குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், வடக்கே திரும்ப ஒருநாள் வாத்துக் கூட்டம் கூப்பிட்டது.

“கிளம்பறேன் தங்கச்சி. பரவாயில்லை, விடு” என்றது வாத்து. திரையில் கால்தடங்கள் மட்டுமே இருந்தன.

டேப்லெட்டை மாற்றித் தரச் சொல்லிக் கோடை முழுக்க அணில் காகத்திடம் கெஞ்சியது. கடைசியில் பெரியதைக் கொடுத்துச் சின்னதை வாங்கி, கை வலிக்க வலிக்கப் பழகியது. அடுத்த குளிர்காலத்தில் வாத்துகள் வந்தன. சிநேகிதி மட்டும் வரவில்லை. மலையைத் தாண்டும்போதே விழுந்து இறந்துவிட்டதாக மற்ற வாத்துகள் கூறின.

அணில் அழுது தீர்த்தது. பிறகு மனதில் இருந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. வரைந்ததை எடுத்துக்கொண்டு போய், செத்துப்போன வாத்தின் சொந்தத் தங்கையிடம் காட்டியது.

தங்கை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. “ரொம்ப அழகா இருக்கு. இது யாரு?” என்று கேட்டது.

அணில் டேப்லெட்டை மெல்லத் திருப்பி வைத்தது. “சும்மா, ஒரு வாத்து” என்றது.

தன் கைக்குப் பொருந்துவதை விட்டுவிட்டு அடுத்தவர் பெருமைக்கு ஆசைப்படுகிறவர், செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாமல் நிற்பார்.